நிலப்பிளவின் உராய்வைக் கணினியில் கணக்கிட முடிந்தும் நிலநடுக்கத்தின் நாளைச் சொல்ல முடியாதது ஏன்?

நிலப்பிளவுகளில் ஏற்படும் உராய்வையும் நழுவலையும் மீக்கணினிகளில் உருவகப்படுத்த முடிகிறது என்றால், அடுத்த பெரிய நிலநடுக்கம் எந்த ஆண்டு வரும் என்று ஏன் சொல்ல முடிவதில்லை, அதைச் சொல்லாத உருவகத்தால் என்ன பயன் என்பது கேள்வி. பூமிக்குள் நடப்பது சிக்கலானது என்று வழக்கமாகத் தரப்படும் பதில் உண்மைதான் என்றாலும் அது எதையும் விளக்குவதில்லை. கணக்குக்கு வேண்டிய சமன்பாடுகள் பெருமளவு கைவசம் இருக்கின்றன. அவற்றில் இட வேண்டிய எண்களில் ஒன்றுதான் பெரும் தொல்லை. ஒட்டிக் கிடக்கும் இரண்டு பாறைப் பரப்புகளின் பிடி தளர்வதற்கு அவை எவ்வளவு தூரம் நழுவ வேண்டும் என்ற நீளம் அது. ஆய்வகக் கல்லில் அந்த நீளம் மைக்ரோமீட்டர் கணக்கில் இருக்கிறது. பல கிலோமீட்டர் ஆழத்தில் அதை நேரடியாக அளக்க வழியில்லை. நிலநடுக்கம் எவ்வளவு பரப்பில் கருக்கொள்ளும், கணக்குக்காகப் பிளவைப் பிரிக்கும் துண்டு, அதாவது கணினியின் கட்டம், எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும், கிடைத்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற மூன்றுமே அந்த ஒரு நீளத்தைச் சார்ந்திருக்கின்றன.

முதலில் இயற்பியல். 1906இல் சான் பிரான்சிஸ்கோவைச் சிதைத்த நிலநடுக்கத்துக்குப் பின், சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் இருபுறமும் எடுக்கப்பட்டிருந்த நில அளவைகளை ஒப்பிட்டு, ஹாரி ரீட் 1910இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். புவித்தட்டுகள் ஓயாமல் நகர்வதால் பிளவின் இருபுறப் பாறைகளும் மெல்ல வளைகின்றன. பிளவை உராய்வு பிடித்து வைத்திருக்கிறது. பிடி விடும் கணத்தில் வளைந்த பாறைகள் மீண்டெழுந்து, அதுவரை சேர்ந்திருந்த மீட்சி ஆற்றல் அதிர்வலையாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது. 1966இல் பிரேஸ், பயர்லி என்ற இருவர், மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்திய கிரானைட் பரப்புகள் சீராக நகராமல் நின்று நின்று துள்ளுவதைச் சோதனையில் காட்டி, ஆழமற்ற நிலநடுக்கங்களின் பொறிமுறை இதுவாக இருக்கலாம் என்றனர். அதன்பின் ஆய்வாளரின் கவனம் புதிய பாறை உடைவதிலிருந்து, ஏற்கெனவே இருக்கும் பிளவில் உராய்வு நிலைகுலைவதன் பக்கம் திரும்பியது. கனமான பீரோவை ரப்பர்ப் பட்டை கட்டி இழுத்தால், பட்டை நீண்டுகொண்டே போய் பீரோ திடீரென்று துள்ளி நிற்கும். அதையே இரும்புக் கம்பி கட்டி இழுத்தால் சீராக நகரும். நழுவத் தொடங்கியதும் உராய்வு குறையும் வேகத்துக்கு ஈடுகொடுக்காத அளவுக்குச் சுற்றியுள்ள பொருள் நெகிழ்வாக இருந்தால்தான் துள்ளல் நிகழும். பூமியில் அந்த ரப்பரின் இடத்தில் இருப்பது பிளவைச் சூழ்ந்த பாறை. நழுவும் பகுதி பெரிதாகப் பெரிதாக அந்தப் பாறை மேலும் நெகிழ்வானதாக நடந்துகொள்கிறது. ஆகவே ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டி வளர்ந்த நழுவலே நிலநடுக்கமாக மாற முடியும்.

பள்ளிப் பாடத்துக்கு நிலை உராய்வு, இயக்க உராய்வு என இரண்டு எண்கள் போதும். அவற்றையே கணினியில் இட்டால் இரண்டு இடர்கள் எழுகின்றன. உராய்வு ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று குதித்தால், பரவும் முறிவின் முனையில் தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை) எல்லையற்றதாகி, கட்டத்தின் அளவை மாற்றும்போதெல்லாம் விடையும் மாறும். அதோடு, ஒருமுறை நழுவி நின்ற பிளவு மறுபடி எப்படி வலுப்பெறுகிறது என்பதற்கும் அந்த இரண்டு எண்களில் இடமில்லை. ஜேம்ஸ் டீட்ரிக் 1979இலும் ஆண்டி ருயினா 1983இலும் எழுதிய கட்டுரைகளில் உருப்பெற்ற வேக-நிலை உராய்வு விதி இவ்விரண்டையும் தீர்த்தது. இன்று நிலநடுக்கச் சுழற்சியைக் கணக்கிடும் உருவகங்களில் பெரும்பாலானவை அந்த விதியின்மீதே நிற்கின்றன.

அந்த விதியின்படி உராய்வுக் குணகம் மூன்று உறுப்புகளின் கூட்டல். முதலாவது ஒரு மாறிலி. பெரும்பாலான பாறைகளுக்கு 0.6 முதல் 0.85 வரை இருக்கும் என்பதை 1978இல் பயர்லி தொகுத்துக் காட்டினார். இரண்டாவது, நழுவும் வேகத்தின் மடக்கையோடு உயரும் உறுப்பு: வேகத்தைத் திடீரென்று கூட்டினால் பாறை உடனே சற்று எதிர்க்கிறது. மூன்றாவது, பரப்பின் நிலையைக் காட்டும் உறுப்பு. பாறைப் பரப்புகள் முழுப் பரப்பாலும் தொட்டுக்கொள்வதில்லை. நுண்ணிய மேடுகளின் உச்சிகளில் மட்டுமே தொடுகின்றன. அசையாமல் இருக்கும்வரை அந்தத் தொடுபுள்ளிகள் மெல்லப் பரந்து வலுக்கின்றன; நழுவும்போது பழையன அழிந்து புதியன தோன்றுகின்றன. தொடுபுள்ளிகளின் சராசரி வயதே நிலைமாறி என்று ஏறக்குறையக் கொள்ளலாம். டீட்ரிக்கும் கில்கோரும் 1994இல் ஒளிபுகும் அக்ரிலிக் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்தி, அந்தத் தொடுபுள்ளிகள் நேரத்தோடு வளர்வதைக் கண்ணாலேயே பார்க்கும்படி செய்தார்கள். சோதனை முடிவுகளுக்குப் பொருத்திய வெறும் சூத்திரம் என்று அதுவரை கருதப்பட்ட ஒன்றுக்கு அந்தச் சோதனை உடல் கொடுத்தது என்பதால், இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை அது.

வேக உறுப்பின் பெருக்கெண்ணும் நிலை உறுப்பின் பெருக்கெண்ணும் தனித்தனியே 0.01ஐ ஒட்டியவை. அவற்றின் வித்தியாசம் அதைவிடச் சிறியது, ஆயிரத்தில் சில பங்குதான். ஆனால் பிளவின் தலைவிதியைத் தீர்மானிப்பது அதுவே. நிலை உறுப்பு மேலோங்கினால் வேகம் கூடும்போது உராய்வு குறையும். அந்தப் பகுதி நிலநடுக்கத்தைத் தோற்றுவிக்கக்கூடியது. வேக உறுப்பு மேலோங்கினால் வேகம் கூடக்கூட உராய்வும் கூடும். அந்தப் பகுதி அமைதியாக ஊர்ந்துகொண்டிருக்கும். கிரானைட்டைச் சூடாக்கிச் செய்த சோதனைகளில், ஏறக்குறைய 300 முதல் 350 பாகை செல்சியசுக்கு மேல் இரண்டாம் வகை நடத்தை தலையெடுக்கிறது. கண்டப் பகுதிகளின் பிளவுகளில் நிலநடுக்கங்கள் சுமார் 15 கிலோமீட்டர் ஆழத்தோடு நின்றுபோவதை இதைக்கொண்டு விளக்கலாம் என்று சே, ரைஸ் இருவரும் 1986இலேயே ஓர் உருவகத்தில் காட்டினர்.

இதையெல்லாம் ஓர் உண்மையான இடத்தில் பொருத்திப் பார்க்க, கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டைவிட ஏற்ற இடம் இல்லை. அங்கே சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் வடமேற்குப் பகுதி ஊர்ந்துகொண்டே இருக்கிறது. 1857இல் பெரும் நிலநடுக்கத்தில் முறிந்த தென்கிழக்குப் பகுதி இறுகிக் கிடக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட பார்க்ஃபீல்டில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் ஏறக்குறைய 6 அளவுள்ள நிலநடுக்கங்கள் நிகழ்ந்தன. சராசரி இடைவெளி 22 ஆண்டுகள். இந்த ஒழுங்கை நம்பி, அடுத்தது 1988ஐ ஒட்டி, 1993க்குள் வந்துவிடும் என்று 1985இல் அறிவித்து, அந்தப் பகுதி முழுவதும் கருவிகளைப் பதித்துக் காத்திருந்தார்கள். நிலநடுக்கம் 2004 செப்டம்பர் 28 அன்றுதான் வந்தது, அளவு 6.0, எதிர்பார்த்தபடியே. ஆனால் காலம் தவறியது. தொடங்கிய இடமும் மாறியது. 1966இல் முறிவு வடமேற்கு முனையில் தொடங்கித் தென்கிழக்கே ஓடியது; 2004இல் தென்கிழக்கில் தொடங்கி வடமேற்கே வந்தது. அவ்வளவு நெருக்கமாகக் கருவிகள் இருந்தும் தெளிவான முன்னறிகுறி எதுவும் பதிவாகவில்லை. சராசரியை மட்டும் வைத்துச் செய்யும் கணிப்பு ஏன் தவறுகிறது என்பதை உராய்வு விதியைக்கொண்டு விளக்க முடியுமா என்று சோதிக்க இதைவிட நல்ல தரவு வேறெங்கும் அன்று இருக்கவில்லை.

அப்படி ஒரு கணக்கைத் தொடங்குபவர் முதலில் எதிர்கொள்வது காலத்தின் விரிவு. பிளவின் இருபுறமும் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது நொடிக்கு ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு வேகத்தில் நகர்கின்றன. நிலநடுக்கத்தின்போது நழுவல் நொடிக்கு ஒரு மீட்டரை எட்டுகிறது. நூறு கோடி மடங்கு வேறுபடும் வேகங்களை ஒரே கணக்கில் பிடிக்க, காலப்படியைச் சூழலுக்கேற்ப மாற்றிக்கொண்டே போக வேண்டும்: அமைதிக் காலத்தில் ஒரு படி மாதங்களைத் தாண்டலாம்; முறிவின்போது நொடியின் சிறு பின்னமாகச் சுருங்க வேண்டும். சுற்றியுள்ள பாறை முழுவதையும் கட்டங்களாகப் பிரிக்காமல், பிளவுத்தளத்தை மட்டும் பிரித்து, ஒரு கட்டத்தின் நழுவல் மற்றக் கட்டங்களில் உண்டாக்கும் தகைவை மீட்சியியல் சூத்திரத்தால் கணக்கிடும் எல்லைத் தொகையீட்டு முறை இதற்காகவே விரும்பப்படுகிறது. அலைகள் திரும்பத் திரும்ப வந்து தாக்குவதை விட்டுவிட்டு, அவை ஆற்றலைக் கொண்டுபோவதை மட்டும் வேகத்துக்கு விகிதமான ஒரு தடையாகச் சேர்ப்பது இன்னொரு சுருக்கம். இவ்வாறு சுருக்கிய கணக்கு மலிவானது. நிலநடுக்கங்களின் வரிசையைப் பார்க்க உதவும். ஆனால் முறிவின் வேகத்தையும் அது தடைகளைத் தாண்டும் திறனையும் குறைத்துக் காட்டக்கூடும். 2000இல் லாபுஸ்டாவும் உடன் ஆய்வாளர்களும் மெதுவான சுமையேற்றத்தையும் முழு அலை இயக்கத்தையும் ஒரே கணக்கில் இணைக்கும் முறையை வெளியிட்ட பிறகு இந்தச் சுருக்கத்தைத் தவிர்க்கவும் வழி கிடைத்தது.

காலத்தைவிடக் கடினமானது நீளம். நிலநடுக்கம் கருக்கொள்ளத் தேவையான பரப்பின் குறுக்களவு, பாறையின் விறைப்புக் குணகத்தைப் பிடி தளரும் நீளத்தால் பெருக்கி, பிளவை அழுத்தும் செங்குத்துத் தகைவையும் மேலே சொன்ன சிறிய வித்தியாசத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஏறக்குறையக் கிடைக்கும். விறைப்பு 30 கிகாபாஸ்கல், தகைவு 50 மெகாபாஸ்கல், வித்தியாசம் 0.004 என்று வைத்துக்கொள்வோம். பிடி தளரும் நீளம் ஆய்வகத்தில் காண்பதுபோல் 10 மைக்ரோமீட்டர் என்றால் விடை 1.5 மீட்டர், 10 மில்லிமீட்டர் என்றால் 1.5 கிலோமீட்டர். கட்டம் இந்த அளவைவிடக் குறைந்தது சில மடங்கு சிறியதாக இருக்க வேண்டும். 60 கிலோமீட்டர் நீளமும் 15 கிலோமீட்டர் ஆழமும் உள்ள ஒரு பிளவை 300 மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்தால் 10,000 கட்டங்கள் போதும். 30 சென்டிமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்தால் 1,000 கோடி தேவைப்படும், முறிவுக் காலப்படியும் அதற்கேற்ப ஆயிரம் மடங்கு சுருங்கும். எனவே பெரும்பாலான உருவகங்கள் ஆய்வக மதிப்பை விட்டுவிட்டு, மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேலான நீளத்தை எடுத்துக்கொள்கின்றன. இயற்கைப் பிளவுகள் ஆய்வகக் கல்லைவிடக் கரடுமுரடானவை, பொடிந்த பாறை அவற்றில் தடிமனாக நிரம்பியிருக்கிறது, ஆகவே பெரிய நீளம் பொருந்தும் என்ற வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்த எண் பல நேரங்களில் கணினியின் வசதிக்காகத் தெரிவு செய்யப்பட்டது என்பதை உருவகத்தைப் படிப்பவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கட்டத்தைத் தேவைக்கு மேல் பெரிதாக வைத்தால் என்ன ஆகும் என்பதை ஜேம்ஸ் ரைஸ் 1993இல் காட்டினார். அந்தக் கட்டுரையை இந்தத் துறைக்கு வருபவர்கள் முதலில் படிக்க வேண்டியது என்று கருதுகிறேன். கட்டம் கருக்கொள்ளும் அளவைவிடப் பெரிதாக இருந்தால், ஒவ்வொரு கட்டமும் அண்டையில் இருப்பதைச் சாராமல் தனியே துள்ள முடிகிறது. சிறிதும் பெரிதுமாக நிலநடுக்கங்கள் சிதறிக் கிடக்கும். பட்டியலிட்டுப் பார்த்தால் இயற்கையில் காணும் பரவலைப் போலவே தோன்றும். கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தால் அந்தச் சிதறல் மறைந்து, ஏறக்குறைய ஒரே அளவுள்ள பெரிய நிலநடுக்கங்கள் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலில் தெரிந்த இயல்பான தோற்றத்தை உண்டாக்கியது கணக்கின் பிழையே. 1967இல் பர்ரிட்ஜும் நோப்போஃபும் முன்வைத்த, சுருள்வில்களால் இணைத்த கட்டைகளின் மாதிரிக்கும் இந்த ஐயம் பொருந்தும், ஏனெனில் அங்கே கட்டையின் அளவே அடிப்படை அலகு. ஒரு விடை இயற்கையைப் போல் இருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. கட்டத்தைப் பாதியாக்கினாலும் அதே விடை வருகிறதா என்று பார்த்த பின்பே இயற்கையோடு ஒப்பிட வேண்டும். ரைஸின் முடிவு தானும் ஒரு வரம்புக்கு உட்பட்டதே. கருக்கொள்ளும் அளவைவிடப் பிளவு மிகப் பல மடங்கு பெரிதாக இருக்கும்போது, போதிய நுண்மையுள்ள கணக்குகளிலும் சிறுசிறு நிலநடுக்கங்களும் ஒழுங்கற்ற வரிசைகளும் தோன்றுவதைப் பிற்காலக் கணக்குகள் காட்டின. அந்த ஒழுங்கின்மை இயற்பியலிலிருந்து வருவது. பெரிய கட்டத்தால் வருவதோ எண்முறையிலிருந்து. வெளியீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

பார்க்ஃபீல்டுக்குத் திரும்பினால், 2012இல் பார்போ, லாபுஸ்டா, அவுவாக் மூவரும் வெளியிட்ட உருவகம் இந்த வகையில் ஒரு மைல்கல். எந்தப் பகுதி இறுகியது, எந்தப் பகுதி ஊர்வது என்பதைச் சிறு நிலநடுக்கங்களின் இருப்பிடங்களிலிருந்தும் செயற்கைக்கோள் சார்ந்த நில அளவைகளிலிருந்தும் வகுத்து, முழு அலை இயக்கத்தோடு பல சுழற்சிகளைக் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 6 அளவுள்ள நிலநடுக்கங்கள் ஒழுங்கற்ற இடைவெளியில் வந்தன; 1966ஐப் போன்றதும் 2004ஐப் போன்றதும் ஒரே உருவகத்தில் தோன்றின; 2004க்குப் பிந்தைய மெதுவான நழுவலும் அளவீடுகளோடு நன்கு பொருந்தியது. இடைவெளி ஏன் மாறுகிறது என்பதற்கு விடையும் அதிலேயே இருந்தது: இடையில் நிகழும் சிறு நிலநடுக்கங்களும் ஊர்தலும் தகைவை வெவ்வேறு விதமாக மீதம் வைப்பதால், அடுத்த முறிவு எங்கே எப்போது தொடங்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

இதுவரை சொன்ன விதி, நொடிக்கு மைக்ரோமீட்டர் கணக்கில் நகரும் கற்களில் கண்டறியப்பட்டது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சுழல வைத்த சோதனைகளில், 0.6க்கு மேல் இருந்த உராய்வுக் குணகம் பலவகைப் பாறைகளில் 0.3க்கும் 0.1க்கும் இடையே சரிந்துவிடுகிறது. தொடுபுள்ளிகள் கணநேரத்தில் சூடாகி வலுவிழப்பதும், பிளவுக்குள் இருக்கும் நீர் சூடாகி விரிந்து பாறைகளை விலக்கித் தள்ளுவதும் முக்கியக் காரணங்கள். ஜப்பானில் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில், அமைதியாக ஊரும் என்று பலர் எண்ணியிருந்த கடலடி அகழியை ஒட்டிய பகுதி ஏறக்குறைய 50 மீட்டர் நழுவியது. அடுத்த ஆண்டில் 'சிக்யூ' கப்பலிலிருந்து அந்தப் பிளவைத் துளையிட்டு வெப்பமானிகளை இறக்கியபோது, 0.31 பாகை அளவுக்கு எஞ்சிய வெப்பம் பதிவானது. அதிலிருந்து கணக்கிட்டால் நழுவலின்போது உராய்வுக் குணகம் வெறும் 0.08. மெதுவான வேகத்தில் நிலையாக ஊரும் பகுதியும், அடுத்த பகுதியிலிருந்து வேகமான முறிவு வந்து தாக்கினால் நீரழுத்த விளைவால் பெரிதாக நழுவ முடியும் என்று நோடா, லாபுஸ்டா இருவரும் 2013இல் உருவகத்தில் காட்டினர். ஊர்ந்துகொண்டிருக்கும் பகுதி பெரிய முறிவைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையில் தயாரித்த எந்த இடர் வரைபடத்தையும் மறுபரிசீலனை செய்ய இது போதிய காரணம் என்பது என் கருத்து.

ஒரே நிலநடுக்கத்தை மட்டும் முழு விவரத்தோடு கணக்கிடும் உருவகங்கள் வேறு வகை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே தொடங்கி அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேல் முறிந்து, தமிழ்நாட்டின் கரையையும் இலங்கையின் கிழக்கு, தெற்குக் கரைகளையும் தாக்கிய ஆழிப்பேரலையை எழுப்பிய நிலநடுக்கத்தை, ஜெர்மனியின் சூப்பர்மக் மீக்கணினியில் சீஸ்சோல் என்ற நிரலால் கணக்கிட்டு 2017இல் வெளியிட்டார்கள். முறிவின் வேகம், கடற்தரை உயர்ந்த அளவு, கிளைப் பிளவுகள் திறந்தனவா என்பவற்றை ஒரே இயற்பியலிலிருந்து பெறுவதே அதன் நோக்கம். கடற்தரையின் அசைவே ஆழிப்பேரலைக் கணக்கின் தொடக்கம் என்பதால் இதன் பயன் வெளிப்படை. தொடக்கத் தகைவை ஆய்வாளர்தான் தர வேண்டும் என்பது இந்த வகையின் வரம்பு. நிரல்கள் சரியாகத் தீர்க்கின்றனவா என்பதைச் சோதிக்க, ஒரே கணக்கைப் பல குழுக்கள் தனித்தனியே தீர்த்து ஒப்பிடும் முயற்சியைத் முன்பு தென் கலிபோர்னியா நிலநடுக்க மையம் என்று அழைக்கப்பட்ட அமைப்பு பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. நிலநடுக்க வரிசைகளுக்கான ஒப்பீட்டின் முதல் முடிவுகள் 2020இல் வெளிவந்தன.

இனி நாளைக் குறிக்க முடியாததன் காரணம் தெளிவாகும். பிளவின் ஒவ்வொரு பகுதியிலும் இன்றுள்ள தகைவு, உராய்வு எண்கள், நுண்துளை நீரின் அழுத்தம் ஆகியவை வேண்டும். கிடைப்பதோ மேற்பரப்பின் அசைவும் ஓரிரு ஆழ்துளைகளும். பார்க்ஃபீல்டுக்கு அருகே தோண்டிய ஆழ்துளையில், 2.7 கிலோமீட்டர் ஆழத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் பிளவிலிருந்து எடுத்த சப்போனைட் களிமண்ணின் உராய்வுக் குணகம் 0.15 அளவே இருந்தது; அங்கே பிளவு ஏன் ஊர்கிறது என்பதை அந்த ஒரு மாதிரி விளக்கியது. ஆனால் நிலநடுக்கங்கள் தொடங்கும் 8 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அப்படி ஒரு மாதிரி நம்மிடம் இல்லை. கணக்கு தானே ஒழுங்கற்றதாக இருக்கும்போது, தொடக்கத் தகைவில் சிறு பிழையும் சில சுழற்சிகளில் ஆண்டுக்கணக்கான வேறுபாடாகிவிடும்.

நாளைக் கேட்காமல் நிகழ்தகவைக் கேட்டால் உருவகங்களால் பதில் சொல்ல முடிகிறது. டீட்ரிக்கும் ரிச்சர்ட்ஸ்-டிங்கரும் உருவாக்கிய நிரல், வேக-நிலை விதியை வலுப்பெறும் நிலை, கருக்கொள்ளும் நிலை, முறியும் நிலை என மூன்றாகச் சுருக்கி, கலிபோர்னியாவின் பிளவுகள் அனைத்திலும் மிக நீண்ட காலத்து நிலநடுக்கங்களைக் கணக்கிடுகிறது. அதிலிருந்து பெற்ற நில அதிர்வு இடர், புள்ளியியல் வழியில் அம்மாநிலத்துக்குத் தயாரித்த மதிப்பீட்டோடு நெருங்கிப் பொருந்துவதாக 2018இல் வெளிவந்த ஒப்பீடு காட்டியது. அந்த நிரலின் கட்டங்கள் கிலோமீட்டர் அளவிலானவை, ரைஸ் எச்சரித்த வகையைச் சேர்ந்தவை; எனவே அதில் தனி ஒரு நிலநடுக்கம் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பதற்கு மிகுந்த பொருள் கொள்ளக் கூடாது. கட்டடத்தை எவ்வளவு வலுவாகக் கட்ட வேண்டும் என்று கேட்கும் பொறியாளருக்கு வேண்டியது பல நூறு ஆண்டுகளின் தொகுப்புதான். அதை அவர் இந்த வகை உருவகத்திலிருந்தும் பெறலாம், புள்ளியியல் மதிப்பீட்டோடு அருகருகே வைத்துப் பார்க்கும்வரை.